எலி வீட்டு அண்ணன்

எலிகளை அவர் கொல்வாரே தவிர அடிக்கமாட்டார். மனிதர்களிடம் தலைகீழ். யாரையும் கொன்றதில்லை, அடிக்காத ஆள்தான் பாக்கியில்லை. தோட்டத்துக் கங்காணி மண்டோரை அடித்திருக்கிறார். கள்ளுக்கடையில் வாயைக் கொடுத்தவனை அடித்திருக்கிறார். தீமிதி அன்றைக்கு, இடுப்பில் மஞ்சள் வேட்டியோடு, கோயில் கமிட்டித் தலைவரையே அடித்திருக்கிறார். என்னை அடித்திருக்கிறார். பெண்டாட்டியை அடித்ததைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை. மழை பெய்வதைப் பற்றிப் பேசுவோமா என்ன?

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில், பாடாங் செராய்க்கு வெளியே ஒரு ரப்பர்ப் பால்மரத் தோட்டத்தின் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் சின்னதாக ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் எண்ணெய்ச் செம்பனை நிற்கிறது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சீன டாக்டர் அம்மா ஒருவர் அதை நடத்தினார். நோயாளி கிடையாது, மருந்து கிடையாது. சுண்டெலிகள் மட்டும்தான், கூண்டு கூண்டாக. நான் அங்கே லேப் அசிஸ்டென்ட். நர்ஸ் வேலைக்குப் போய், ரத்தத்தைவிட மேட்ரனைப் பார்த்துப் பயந்து ஓடிவந்தவள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் அவருக்கு நான் ‘மிஸ்ஸி’, அதாவது நர்ஸம்மா. எனக்கு அவர் ‘அண்ணே’. கூண்டுகள் இருந்த பகுதிக்கு எலி வீடு என்று பெயர்; அங்கே எலிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

அந்தச் சுண்டெலிகளில் ஒரு வம்சம் விழும் வம்சம். பிறக்கும்போது எல்லாக் குட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும். கண் திறந்து நடக்கத் தொடங்குகிற இரண்டாம் வாரத்தில்தான் சங்கதி தெரியும். சில குட்டிகள் நாலு எட்டு வைக்கும், பக்கவாட்டில் சாயும், எழும், மறுபடி சாயும். மரபணு ஒன்றில் பழுது. அந்தப் பழுதினால் வயிற்றுக்குள் இருக்கும்போதே மூளை தப்பாகக் கட்டப்பட்டுவிடுகிறது. எந்த நாளில், எந்த இடத்தில் அந்தத் தப்பு தொடங்குகிறது என்பதைத்தான் டாக்டர் தேடிக்கொண்டிருந்தார். அதற்குச் சினை எலியைப் பதின்மூன்றாம் நாள், பதினைந்தாம் நாள், பதினேழாம் நாள் என்று கொன்று, வயிற்றைத் திறந்து, மொச்சைக்கொட்டை அளவே இருக்கும் கருக்களை எடுத்து, தலையை அறுத்து, மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவுவது என் வேலை. கொல்வது அவர் வேலை.

கூண்டின் கம்பி மூடிமேல் எலியை விடுவார். அது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இடது கை வாலைப் பிடிக்கும், வலது கையின் கட்டைவிரல் பிடரியில் அமரும். ஓர் இழுப்பு. விரல் சொடுக்குகிற அளவுக்குச் சத்தம் கேட்கும். முதல் நாள் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“மொகத்தத் திருப்பாதீங்க மிஸ்ஸி. ஒங்களப் பாத்து நானும் திருப்புவேன். திருப்புனா கை தவறும். கை தவறுனா வலி ஒங்களுக்கா எனக்கா? எலிக்குத்தான்.”

அவர் கை தவறி நான் பார்த்ததேயில்லை. சினை எலியின் வயிற்றை இரண்டு விரலால் லேசாகத் தடவிவிட்டு, “பதினாலு,” என்பார். ஒருமுறை டாக்டர் எழுதிவைத்த அட்டையில் பதினாறு என்றிருந்தது. இவர் பதினாலு என்று நின்றார். டாக்டர் பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், இவரைத் திட்டினார், இவரும் பாசார் மலாயில் திருப்பிக் கொடுத்தார். திறந்து பார்த்தால் கரு பதினாலுதான். அட்டையை மாற்றி மாட்டியது யாரென்று பார்த்தால் நான்தான். “வாய் பொய் சொல்லும் மிஸ்ஸி, அட்டை பொய் சொல்லும். கை பொய் சொல்லாது,” என்றார். இதை அவர் ஒருநாளைக்கு நாலு தடவையாவது சொல்வார். கையில் பிடித்துப் பார்க்காத எதையும் அவர் நம்பியதில்லை. அந்தக் கையை எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

எலி வீட்டுக்கு அவர் வந்ததே அடிதடியில்தான். அதற்கு முன் பால் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டு ஆழமாகிப் பால்மரத்துக்குக் காயம் பட்டுவிட்டது என்று மண்டோர் சொன்னானாம். படவில்லை என்று இவர் சொன்னாராம். மண்டோர் மரத்தையும் பார்க்காமல் இவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை விட்டான். பால் வாளி தூக்குகிற காண்டாக் கட்டையால் அவன் தோள்பட்டையை இறக்கிவிட்டார். தொழிற்சங்கத்துக்காரர் நாலு தரம் நடந்து, தொழிலாளர் வரிசையான லயத்தில் இருந்த வீட்டை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தார், பால் வெட்டுகிற வேலை போயிற்று. அப்புறம் நிலையத்தில் கூட்டிப் பெருக்க வந்தார். வந்த இரண்டாம் நாள் ஒரு சுண்டெலி டாக்டர் கையிலிருந்து துள்ளியது. இவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அதை அந்தரத்திலேயே பிடித்தார். கையைத் திறந்தபோது எலி உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் அன்றைக்கே அவரைக் கூண்டுகளுக்கு மாற்றிவிட்டார்.

அவருக்கு ஒரே மகன், ஆறு வயது. அந்தப் பையனும் விழுவான்.

இதை எப்படிச் சொல்வது என்று ரொம்ப நேரம் யோசித்தேன்; இப்படித்தான் சொல்ல முடியும். பையன் நாலு எட்டு வைப்பான், சாய்வான், தரையில் கிடந்தபடி சிரிப்பான். தலை சதா ஆடிக்கொண்டிருக்கும். பேச்சு குழறும், அப்பனுக்கு மட்டும் முழுசாகப் புரியும். சனிக்கிழமைகளில் அவர் அவனைத் தோளில் உட்காரவைத்து எலி வீட்டுக்குக் கொண்டுவருவார். ரப்பர் மரக்கட்டையில் அவனுக்கு ஒரு நடைவண்டி செய்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு அவன் கூண்டு கூண்டாகப் போய், விழும் குட்டிகளைப் பார்த்துக் கைதட்டுவான். மற்ற குட்டிகளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான்.

அந்தக் குட்டிகளுக்கு அவர் வைத்திருந்த பெயர் சம்சுக்குட்டி. சம்சு என்பது தோட்டங்களில் ஓடுகிற மலிவுச் சாராயம். இரண்டு மடக்கு போட்டவன் அப்படித்தான் நடப்பான். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். ஒருநாள் சாயங்காலம் கள்ளுக்கடை வாசலில், இவர் கையைப் பிடித்துக்கொண்டு பையன் தள்ளாடி வந்ததைப் பார்த்து ஒரு லாரி டிரைவர், “யாருலா இது, குட்டிச் சம்சுவா? இத்தினிக்காண்டுலயே ஏத்திட்டானா?” என்றானாம். இவர் பையனைத் தூக்கித் தோளில் உட்காரவைத்தார். அப்புறம்தான் அடித்தார். பையன் இரண்டு கையாலும் அப்பன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்க, கீழே டிரைவரின் பற்கள் போயின. பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள், பையன் கடைசிவரை சிரித்துக்கொண்டேயிருந்தானாம். அதற்குப் பிறகு எலி வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. நான் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, அவர் பார்த்த பார்வையில் கையிலிருந்த கண்ணாடித் தட்டைக் கீழே போட்டேன்.

சரி, பெண்டாட்டி கதைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டால் நன்றாகத்தான் இருக்கும்.

அவள் அவருக்குச் சொந்த அக்கா மகள். தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவது அந்த லயங்களில் உரிமை. வேறு யாராவது கட்டினால்தான் பஞ்சாயத்து. பதினெட்டில் கட்டி, பத்தொன்பதில் பையன். சின்ன உருவம். மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருவாள். ஒரு மாதம் கண்ணோரம் கன்றியிருக்கும், ஒரு மாதம் மணிக்கட்டு வீங்கியிருக்கும். இடது காது கேட்காது. அது எந்த வருஷத்து அடி என்று அவளுக்கே ஞாபகமில்லை. காரணம் எப்போதும் ஒன்றுதான், பையன். கிரகணத்தன்று பிள்ளைத்தாச்சி வெளியே போனாள், பூசணிக்காய் அரிந்தாள், அதனால்தான் பிள்ளை இப்படி. வெளியே பையனை யாராவது கேலி பேசினால் அன்றைக்கு அவளுக்கு வீட்டில் பூசை உண்டு. டிரைவரின் பற்கள் போன அன்றும் அவளுக்குத் தனியாக விழுந்தது.

“அண்ணே, இது நல்லாவா இருக்கு?” என்று நான் கேட்டேன்.

“வீட்டு வெவகாரம் மிஸ்ஸி. நீங்க மூளையச் சீவுங்க.”

லயத்துப் பெண்களோ, “அடிக்கிற கைதான் அணைக்கும்,” என்று அவளுக்குச் சமாதானம் சொல்வார்கள். அணைத்ததை நான் பார்த்ததில்லை. வீங்கினதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் அவர் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்றார். இத்தனை எலிகளைக் கொன்றிருக்கிறேன், எதற்காக என்று நான் பார்க்கக்கூடாதா என்றார். நியாயம்தானே. நல்ல குட்டியின் மூளையை ஒரு பக்கமும் விழும் குட்டியின் மூளையை மறுபக்கமும் வைத்துக் காட்டினேன். மூளை உயிரணுக்கள் உட்புறத்தில் பிறந்து வெளிப்புறமாக ஏறிப் போக வேண்டும். முதலில் பிறந்தவை கொஞ்ச தூரம் போய் நிற்கும். பின்னால் பிறந்தவை அவற்றைத் தாண்டி மேலே போகும். அப்படித்தான் அடுக்கடுக்காக மூளை உண்டாகிறது. இந்தக் குட்டிகளில் பின்னால் வந்தவை தாண்டுவதில்லை. அவருக்குப் புரிகிற மாதிரி, “கூலிம் டவுனுக்குப் போற பஸ்ஸுண்ணே. மொதல்ல ஏறுனவங்க உள்ள போவாம படிக்கட்டுலயே நின்னுக்கிட்டா, பின்னால வர்றவன் எங்க போவான்? அப்படி நெருக்குது,” என்றேன்.

ரொம்ப நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

“இது எப்ப நடக்குது?”

“வயித்துக்குள்ளயே. நீங்க பதினாலு பதினஞ்சுன்னு சொல்வீங்கள்ல, அந்த நாளுலயே.”

“எலிக்கு ஏது மிஸ்ஸி கிரகணம்?”

“அதத்தாண்ணே நானும் ரெண்டு வருசமா சொல்லணும்னு இருக்கேன்.”

போய்க் கூண்டுகளைக் கழுவினார். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகும்போது உலகத்தையே திருத்திவிட்ட மாதிரி போனேன். என் மண்டைக்குள் இருந்தது மூளையா களிமண்ணா என்று எவராவது சீவிப் பார்த்திருக்கலாம். கிரகணம் இல்லை என்றால் அவர் எங்கே போய் நிற்பார் என்று நான் யோசிக்கவில்லை. இரண்டு வாரத்தில் முடிவோடு வந்தார். கிரகணம் இல்லை, பூசணிக்காய் இல்லை; அவளுடைய வயிறே சரியில்லை. அதனால் அவளுடைய தங்கையை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொள்ளப் போகிறார்.

தங்கைக்குப் பதினேழு வயது. செம்பனை நாற்றுக்குப் பையில் மண் நிரப்புகிற வேலை. அவர்களுடைய அம்மா, அதாவது அவருடைய சொந்த அக்கா, சம்மதித்துவிட்டாள். மூத்தவள் வயிறு சரியில்லை என்றால் தம்பிக்கு இளையவளைக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று கேட்டாளாம். மூத்தவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. தை பிறந்ததும் கல்யாணம்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எலிக்கு இருப்பது மனிதனுக்கும் அப்படியே இருக்கும் என்று யாரிடமும் சொல்லிவிடாதே, அந்தப் பையனுக்கு என்ன என்று நமக்குத் தெரியாது என்றார். சரியான பேச்சுதான். ஆனால் அந்தத் தங்கையை நான் பார்த்திருந்தேன். நகத்திடுக்கில் மண்ணோடு, அக்கா மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிலையத்து வாசலில் நிற்பாள். அதனால் வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

“அண்ணே, நீங்க கட்டுனது அக்கா பொண்ணு. கட்டப் போறதும் அதே அக்கா பொண்ணு. எல்லாம் ஒரே ரத்தம். நம்ம கூண்டுல பாக்குறீங்கள்ல? ஆயி நல்லா ஓடுது, அப்பன் நல்லா ஓடுது, குட்டி விழுது. எதுனால? ஒவ்வொண்ணும் ரெண்டு பங்கு. ஆயிகிட்டேருந்து ஒண்ணு, அப்பன்கிட்டேருந்து ஒண்ணு. ஒண்ணு பழுதா இருந்தா இன்னொண்ணு தாங்கிக்கும். ரெண்டும் பழுதா வந்துட்டாத்தான் விழும். பழுது அவங்ககிட்ட மட்டும் இருந்தா போதாதுண்ணே. ஒங்ககிட்டயும் இருக்கணும்.”

“என் ரத்தத்தையா சொல்ற?”

‘மிஸ்ஸி’யும் போய் மரியாதையும் போனதை நான் கவனிப்பதற்குள் அடி விழுந்தது. புறங்கை. பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கூண்டு அலமாரியில் மோதி விழுந்தேன். வாயெல்லாம் உப்பு. அவர் என்னைத் தாண்டிப் போய் ஈரத் துணியைக் கொண்டுவந்து மேலே எறிந்துவிட்டு, எலிகளுக்குத் தண்ணீர் மாற்றினார். எனக்கு இரண்டு தையல். ஈரச் சிமெண்டில் வழுக்கிவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னேன். நல்ல மனசினால் அல்ல. அவரை வேலையைவிட்டு நிறுத்தினால் அடுத்த முகூர்த்தத்திலேயே தாலி கட்டிவிடுவார் என்று தெரியும். அடி வாங்கியவளும் அடித்தவனைக் காப்பாற்றுவாள் என்பதை நான் அன்றைக்குத்தான் என் வாயிலேயே கண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கையில காட்டுங்க,” என்றார்.

மூன்று கூண்டுகள் வைத்தோம். தேர்ந்தெடுத்தது அவர்தான். ஆண், அவர் ‘தவுக்கே’ என்று கூப்பிடுகிற கொழுத்த எலி. முதலாளி மாதிரி கூண்டு நடுவில் உட்கார்ந்திருக்கும்; பழுது இருக்கிறதென்று எங்களுக்குத் தெரிந்த வம்சம். முதல் கூண்டில், முன்பே அதற்கு விழும் குட்டி போட்ட பழைய ஜோடி, அதே வீட்டுப் பெண். இரண்டாவதில் அந்தப் பெண்ணுக்குத் தங்கை. மூன்றாவதில் வேறு இடத்திலிருந்து வந்த, யாருக்கும் ஒட்டுறவில்லாத வெள்ளைப் பெண் எலி. தவுக்கேயைக் கொஞ்ச நாள் இங்கே, கொஞ்ச நாள் அங்கே என்று மாற்றிவிட்டார். முனீஸ்வரருக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, அது முடியட்டும் என்று சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். சினைக்கு மூன்று வாரம். குட்டிகள் நடக்க இன்னும் இரண்டு வாரம். அந்த நாட்களில் தீனி மூட்டை இறக்க வந்தவன் தெரியாமல் ஒரு கூண்டை நகர்த்திவிட்டான். அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தூக்கினார். நானும் நிலையத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து பிரித்துவிட்டோம்.

முதல் கூண்டில் ஏழு குட்டியில் இரண்டு விழுந்தன. இரண்டாவதில் ஆறில் இரண்டு. அதைப் பார்த்தபோது அவர் முகம் செத்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து மூன்றாவது கூண்டுக் குட்டிகள் நடந்தன. எட்டுக் குட்டி. எட்டும் ஓடின.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிற்று. அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“பாத்தீங்களா மிஸ்ஸி? ஒரே ஆம்பள. மூணு பொட்ட. தவுக்கேகிட்ட பழுது இருந்தா இங்கயும் விழணும்ல? எட்டும் ஓடுது! அந்த வீட்டுப் பொட்டைங்ககிட்டதான் விழுது. அக்காகிட்டயும் விழுது, தங்கச்சிகிட்டயும் விழுது. அப்ப பழுது யாருகிட்ட?”

“அப்படியில்லண்ணே. தவுக்கேயோட பழுது இதுலயும் வந்திருக்கும். வெள்ளை எலியோட நல்ல பங்கு அத மூடி வச்சிருக்கு.”

“மூடி வச்சிருக்கா? கண்ணால பாத்தீங்களா? காட்டுங்க.”

காட்ட முடியவில்லை. அந்தக் காலத்தில், அந்தக் கட்டடத்தில், ஓடுகிற குட்டிக்குள் ஒளிந்திருக்கும் பழுதை அன்றைக்கே எடுத்துக் காட்ட எனக்கு வழியில்லை. அவர் கடைக்குப் போய் எல்லோருக்கும் கச்சாங் கடலைப் பொட்டலம் வாங்கிவந்தார். எனக்கு இரண்டு. அக்கா வீட்டுக்கு அன்றைக்கே ஆள் அனுப்பினார்: உன் வீட்டுப் பெண் எனக்கு வேண்டாம். தங்கை தப்பித்தாள். அந்த நிம்மதி எனக்குக் கால் மணி நேரம் இருந்தது.

“இவளையும் ஆத்தா வூட்டுக்கே அனுப்பிடப் போறேன். பெண்டாங் பக்கம் ஒரு பொண்ணு இருக்காம். ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. பையன் என்கிட்டதான் இருப்பான். புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போறேன்னு அவ பேச்சே எடுக்கக்கூடாது. அவன் என் புள்ள.”

அந்தப் பையனைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் எதுவுமில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் அவள் வந்தாள். இடுப்பில் பையன், கையில் தூக்குச்சட்டி. அவர் அவளைக் கூண்டுகளுக்கு முன்னால் உட்காரவைத்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இது தவுக்கே, இது பழைய ஜோடி, இது தங்கச்சி, இது வெளிப்பொட்ட. விழுந்ததைக் காட்டினார், ஓடியதைக் காட்டினார். “இனிமே ஒன்ன அடிக்க மாட்டேன். தப்பு ஒன்னோடது இல்ல, ஒன் வயித்தோடது. நீ ஒங்காத்தாகிட்டப் போயிரு,” என்றார். குரலில் அன்பு மாதிரி ஏதோ இருந்தது.

அவள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தாள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் பேசி நான் கேட்டது பத்து வார்த்தை இருக்கும். பையன் கம்பிக்குள் விரலை விட்டு விழும் குட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தான். முதல் கூண்டின் தாய் எலி குட்டிகளை மறைத்துப் படுத்திருந்தது. அவள் அதன்மேல் விரலை நீட்டினாள்.

“மாமா, இந்தப் பொட்டைய வெளி ஆம்பளகிட்ட வுட்டுப் பாத்தியா?”

“என்னா?”

“இல்ல... தவுக்கேக்கு வெளிப்பொட்டயக் குடுத்துப் பாத்த. எட்டும் ஓடுது. இதுக்கு வெளி ஆம்பளயக் குடுத்துப் பாத்தியா? இதுக்கும் எட்டு ஓடுமோ என்னவோ.”

ஐந்து வாரமாக அந்த மூன்று கூண்டுகளுக்கு முன்னால் நின்றவள் நான். படித்தவள், வெள்ளைக் கோட்டு போட்டவள். நாலாவது கூண்டு ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு பெண்ணை வேறு ஆணிடம் விட்டுப் பார்ப்பது, எலியாகவே இருந்தாலும், என் புத்திக்கு எட்டவில்லை. தோட்டத்தில் ஒரு பெண்டாட்டி புருஷனிடம் இப்படிக் கேட்டால் பாராங் கத்தி எடுப்பார்கள். அவள் கேட்டுவிட்டாள், அதுவும் சந்தேகம் கேட்கிற குரலில்.

அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு வாரக்கணக்கில் விளக்கத் தெரியாதது அவள் கேட்ட அந்த ஒரு கேள்வியில் அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பெண் எலிக்கும் எட்டுக் குட்டி ஓடும். அப்படி ஓடினால் வயிறும் சரிதான், ரத்தமும் சரிதான், சேர்த்ததுதான் சரியில்லை. இத்தனை வருஷமாக அடித்ததெல்லாம் சும்மா அடித்தது. அவர் முகத்தில் அது ஏறுவதை நான் பார்த்தேன்.

கூண்டு மூடியைத் திறந்தார். பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகள் சிதற, தாய் எலியை எடுத்தார். கம்பியில் விடக்கூட இல்லை. கையிலேயே பிடரியை நெரித்தார். சத்தம் கேட்டது. அதை அவள் காலடியில் போட்டார். பையன் அழத் தொடங்கினான்.

அவள் எழுந்தாள்.

“எலியத்தான மாமா கொன்ன,” என்றாள். “நான் இருக்கேன்ல.”

பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவர் கை மேலே வந்தது. அந்தக் கை எனக்குத் தெரியும். அது அவளைத் தொட்டால் இந்தத் தடவை நிற்காது. நான் அவருக்கு முன்னால் வாசலைத் தாண்டி, கதவை இழுத்துச் சாத்தி, பூனை வராமலிருக்க வெளிப்பக்கம் போட்டிருந்த இரும்புக் கொண்டியைத் தள்ளினேன்.

கதவு குலுங்கியது. தோளால் மோதினார், காலால் உதைத்தார். அவளை வெட்டுவேன் என்றார், என்னை வெட்டுவேன் என்றார், லயத்தையே கொளுத்துவேன் என்றார். பலகை மேல்பக்கம் பிளந்து அவர் விரல்கள் வெளியே வந்தன. நான் முதுகைக் கொடுத்து நின்றேன். தோட்டக்காரர் தூரத்தில் நின்று பார்த்தார், பக்கத்தில் வரவில்லை. அவள் செம்மண் பாதையில் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். பையன் மட்டும் அவள் தோள்மேல் தலை ஆட எங்களைப் பார்த்துக்கொண்டே போனான். ரோட்டில் கூலிம் பஸ் நின்றது. எங்கே இறங்கினாள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

உள்ளே சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத்தான் கொண்டியை நீக்கினேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடிக்கட்டும் என்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவருடைய இரண்டு கைமுட்டியிலும் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. கையில் அவள் விட்டுப்போன, திறக்காத தூக்குச்சட்டி.

“பையன் இன்னும் சாப்புடல மிஸ்ஸி,” என்றார்.

“பஸ் போயிருச்சிண்ணே,” என்றேன்.